பார்க்டேலில் திபெத்தியர் வீட்டுக்குக் கூப்பிட்டால்

டொரண்டோவுக்குப் புதிதாக வந்து பார்க்டேல் பக்கம் வீடு எடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அந்த வட்டாரத்தை ‘லிட்டில் திபெத்’ என்றே சொல்வார்கள், குயின் தெருவில் நடந்தால் மோமோ (உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி) கடைகளாகத்தான் கண்ணில் படும். பக்கத்து வீட்டில் திபெத்தியர் இருந்து தேநீருக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.

தேநீரில் உப்பும் வெண்ணெயும் இருக்கும். மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் வீட்டில் பழக்கியிருக்கிறார்களே, அங்கே அது எடுபடாது. நான் முதல் தடவை போனபோது கோப்பையைக் காலி செய்யச் செய்ய அந்த வீட்டுப் பாட்டி ஊற்றிக்கொண்டே இருந்தார், நானும் குடித்துக்கொண்டே இருந்தேன், காலிக் கோப்பையைக் கண்டால் நிரப்பத்தான் செய்வார்கள் என்று கடைசியில் பேரன்தான் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், நிரப்பினால் அப்படியே விட்டுவிட்டு, கிளம்பும்போது குடித்து முடியுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அதைப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ‘ஷா மோமோ’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். தட்டு முன்னால் வந்த பிறகு ஒதுக்கினால் சமைத்தவர் மனம் நோகும்.

பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், பின்னால் ‘லா’ சேருங்கள், நாம் ‘ங்க’ போடுகிற மாதிரி. பாட்டி என்றால் மோமோலா, தாத்தா என்றால் போபோலா. பூஜை மாடத்தை நோக்கிக் கால் நீட்டக் கூடாது, புத்தகத்தைத் தாண்டக் கூடாது, வலம்தான் வர வேண்டும். இதெல்லாம் நமக்கே தெரிந்ததுதான். கத்தா என்ற வெள்ளைத் துண்டைத் தந்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள், தரையில் போடாதீர்கள்.

‘நீங்க சைனீஸா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ரொம்ப வலிக்கும். மார்ச் 10 அன்று, 1959-இல் திபெத்தின் தலைநகர் லாசாவில் சீன ஆட்சியை எதிர்த்து நடந்த எழுச்சியின் நினைவு நாள், அன்றைக்கு அவர்களை விருந்துக்கு அழைக்க வேண்டாம். பேச்சு எடுக்கத் தயக்கமாக இருந்தால் எங்கே வளர்ந்தீர்கள் என்று கேளுங்கள். மைசூர் பக்கம் பைலகுப்பேயில் 1960-களிலிருந்து திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது, அங்கே வளர்ந்தவராக இருந்தால் இட்லி தோசை வரை பேச்சு போகும்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் லோசர், அவர்களுடைய புத்தாண்டு. வறுத்த பார்லி மாவில் வெண்ணெய் கலந்த ‘செமார்’ நீட்டுவார்கள், ஒரு சிட்டிகை எடுத்து மூன்று முறை மேலே தூவிவிட்டு ‘தாஷி தெலே’ சொல்லுங்கள். அந்த வருடம் வீட்டில் இறப்பு நடந்திருந்தால் கொண்டாட மாட்டார்கள், நாம் தீபாவளியை விடுவதுபோல. அதனால் லோசருக்குப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.