ஒப்புமை விழுக்காடு குறைவு, ஆனால் கட்டுரை மொழிபெயர்ப்புத் தழுவல்: இதழாசிரியர் என்ன செய்வது?

வினா (துணையாசிரியர், கோலாலம்பூர்)

வணக்கம். தமிழாய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் பணியாற்றுகிறேன். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு குறித்து வந்த ஒரு கட்டுரைக்கு, பிற பனுவல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் 9 விழுக்காடு ஒப்புமையே காட்டியது. ஆனால், அதன் இரண்டு பகுதிகள் மலாய் மொழியில் எழுதப்பட்ட முதுகலை ஆய்வேடு ஒன்றின் மொழிபெயர்ப்பாகவே உள்ளன என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியுள்ளார். அந்த ஆய்வேடு துணைநூற்பட்டியலில்கூட இல்லை. திருக்குறள் பற்றிய வேறொரு கட்டுரையோ 38 விழுக்காடு காட்டியதால், அதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார்கள் சிலர். முதல் கட்டுரையை எழுதியவர் பலரும் மதிக்கும் மூத்த ஆசிரியர் என்பதால், காரணம் சொல்லாமல் நிராகரிப்பதே நாகரிகம் என்ற கருத்தும் குழுவில் உள்ளது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பினாங்கு)

திருக்குறள் கட்டுரையை விழுக்காட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். குறட்பாக்கள், உரையாசிரியர்களின் மேற்கோள்கள், துணைநூற்பட்டியல் ஆகியவற்றை விலக்கிவிட்டு மீண்டும் சோதித்தபின், எஞ்சும் பகுதியைக் கண்ணால் படித்து முடிவெடுங்கள்.

முதல் கட்டுரைதான் கவலைக்குரியது. காரணம் சொல்லாமல் நிராகரித்தால் அதே கட்டுரை அடுத்த மாதம் வேறோர் இதழுக்குப் போகும். தோட்டம் தோட்டமாகச் சென்று முதியவர்களிடம் நேர்காணல் எடுத்து அந்த ஆய்வேட்டை எழுதிய மாணவரின் உழைப்பு இன்னொருவர் பெயரில் அச்சேறும். ஆகவே ஆய்வேட்டைப் பெற்று, ஐயத்துக்குரிய பத்திகளை இரு நெடுவரிசைகளில் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். பள்ளி தொடங்கிய ஆண்டும் மாணவர் எண்ணிக்கையும் பொதுவான தரவுகள். அவை ஒத்திருப்பதால் குற்றமில்லை. வாதம் செல்லும் வரிசை, நேர்காணல் கூற்றுகள், தரவிலிருந்து பெற்ற முடிவுகள் ஆகியவை ஒத்திருந்தால்தான் அது கருத்துத் திருட்டு.

1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் தொடங்கிய கோப் (COPE) என்னும் பதிப்பு அறநெறிக் குழு, இத்தகைய நிலைக்கென வழிமுறைப் படம் ஒன்றை இலவசமாகவே வெளியிட்டுள்ளது. அதன்படி, சான்றுகளை இணைத்துக் கட்டுரையாளரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். பதிலே வராவிட்டாலோ விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ அவர் பணியாற்றும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம். கடிதத்தில் “திருட்டு” என்று எழுதாமல், “இவ்விரு பனுவல்களுக்கும் இடையிலான ஒற்றுமை குறித்துத் தங்கள் விளக்கத்தை வேண்டுகிறோம்” என்று எழுதுங்கள். அவர் மூத்தவர் என்பதற்காகக் கடிதத்தின் தொனியில் மரியாதை கூடலாமே தவிர, கேள்வி மாறக்கூடாது. விளக்கம் வரும்வரை செய்தி ஆசிரியர் குழுவைத் தாண்டக்கூடாது. நம் தமிழ் வட்டாரம் சிறியது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி (நூலகர், கோலாலம்பூர்)

9 விழுக்காடு என்பதையும் முழுமையாக நம்ப வேண்டாம். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில் திரையில் தமிழ் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை பெரும்பாலும் பொருளற்ற ரோமன் எழுத்துகளே. அவற்றை ஐதெண்டிகேட் போன்ற மென்பொருள் எதனோடு ஒப்பிடும்? எனவே கட்டுரைகளை யூனிகோடில் மட்டுமே ஏற்பது என்று விதி வையுங்கள். நூலகத்தில் அச்சுப்படியாக மட்டுமே இருக்கும் ஆய்வேடுகளையும் மென்பொருள் காணாது. அங்கே துறையறிந்த மதிப்பீட்டாளர்தான் துணை.

வினா கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அதே ஆசிரியரின் கட்டுரை ஒன்று எங்கள் பழைய இதழிலும் வந்துள்ளது. அதிலும் இத்தகைய பகுதிகள் இருந்தால், இணையத்திலிருந்து நீக்கிவிடலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பினாங்கு)

சத்தமின்றி நீக்காதீர்கள், ஏற்கெனவே அதை மேற்கோள் காட்டியவர்கள் குழம்பிப்போவார்கள். முதலில் அதையும் இதே முறையில் ஒப்பிட்டு விளக்கம் கேளுங்கள். மேற்கோள் குறிப்பு விடுபட்டது மட்டுமே என்றால் திருத்தக் குறிப்பு போதும். பெரும்பகுதி பிறருடையது என உறுதியானால், காரணத்தையும் மூல ஆய்வேட்டையும் குறிப்பிட்டு மீளப்பெறல் அறிவிப்பு வெளியிடுங்கள். கட்டுரை அதே முகவரியில், ஒவ்வொரு பக்கத்திலும் “மீளப்பெறப்பட்டது” என்ற குறியுடன் இருக்கட்டும். ஆய்வேட்டை எழுதியவருக்கும் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.