சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரம் எவ்வளவு, நேரம் ஏன் கூடுகிறது?

கேள்வி – பயணத்திட்டம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு நேரடி விமானம். தூரம் ஒரு தளத்தில் 15,349, இன்னொன்றில் 9,537, வேறொன்றில் 8,288. எதை எடுத்துக்கொள்வது? மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டில் பதினெட்டரையைத் தாண்டுகிறது. ஒரு பக்கம் எதிர்காற்று, மறுபக்கம் பின்காற்று இருக்க வேண்டுமே, போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம் எப்படி?

பதில் – அட்சரேகை

மூன்றும் ஒரே தூரம்தான்: கிலோமீட்டர், மைல், கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

இந்தத் தடத்தைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். கென்னடி மேற்குத் தீர்க்கரேகை 73.8, சாங்கி கிழக்கு 104. கூட்டினால் 177.8 பாகை. 180க்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால், மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டியே போகும். துருவத்தின் அட்சம் 90. கென்னடியின் அட்சம் 40.6, அதாவது துருவத்துக்கு 49.4 பாகை. சாங்கியின் அட்சம் 1.4, அங்கிருந்து 88.6. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்கினால் 15,346. எண்களைத் தோராயமாக்கியிருக்கிறோம், பூமியும் துல்லியமான கோளம் இல்லை, அதனால் சில கி.மீ. வித்தியாசம் வரும். தீர்க்கரேகை வித்தியாசம் குறைவாக உள்ள ஊர்களுக்கு இந்தச் சுருக்கவழியைப் போடாதீர்கள், தப்பாக வரும்.

பதில் – பின்காற்று

அந்தக் குறுகிய கோட்டில் விமானம் பறப்பது அபூர்வம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக்கைக் கடக்கும். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழி. இரண்டுமே கிழக்கு நோக்கித்தான்! ஜெட் காற்றோட்டம் (விமானம் பறக்கும் உயரத்தில் வீசும் வேகமான காற்று) மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் இரண்டு தடவையும் பின்காற்று. ஆயிரம் கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் எரிபொருள் மிச்சம். உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இதுதான்.

17 மணி நேரக் கணக்கில் விடுபட்டவை: சுற்றுப்பாதை, ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம், ஓடுபாதைக்குப் போகும் நேரம், வரிசையில் காத்திருப்பு. டிக்கெட்டில் உள்ளது கேட் விட்டு நகர்வதிலிருந்து கேட்டில் நிற்பது வரையிலான நேரம். தோராயமாக வேண்டுமானால் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி சேருங்கள். இங்கே 18 மணி 34 நிமிடம் வரும்.

பதில் – எரிபொருள்தாங்கி

விமானத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் விடுவது ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரப் பயணத்துக்கான வகை). 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். சாதாரண ஏ350-900ஐ விட சுமார் 24,000 லிட்டர் அதிகம். அந்த எடைக்காகவே இருக்கை 161தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமி வகுப்பே கிடையாது, டிக்கெட் தேடும்போது அதைத் தேடி அலைய வேண்டாம்.

கடிகாரக் கணக்கில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். முதலில் பயண நேரத்தைப் புறப்படும் ஊரின் நேரத்தோடு கூட்டுங்கள். இரண்டு ஊர்களின் நேர வித்தியாசத்தைப் பிறகு போடுங்கள். நியூயார்க்கில் இரவு 10.30க்கு ஏறி 18 மணி 40 நிமிடம் என்றால் அங்கே மறுநாள் மாலை 5.10. அதோடு 12 மணி கூட்டினால் சிங்கப்பூரில் அதற்கடுத்த நாள் காலை 5.10. ஹோட்டல் பதிவில் ஒரு நாள் தவறுவது இங்கேதான். இந்த 12 மணி வித்தியாசம் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும்தான். மற்ற மாதங்களில் 13.