‘அப்வியஸ்’ – ‘வெளிப்படை’ சரிவராது

வணக்கம்.

துறையறிந்த சாதாரண ஆளுக்கே சட்டென்று தோன்றிவிடக்கூடிய கண்டுபிடிப்பைக் காப்புரிமைச் சட்டம் ‘அப்வியஸ்’ (obvious) என்கிறது, அதற்குக் காப்புரிமை கிடையாது. இதற்குத் தமிழில் ‘வெளிப்படைத்தன்மை’ வேண்டாம். ஒளிவுமறைவில்லாத நிர்வாகத்துக்கு அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம். போதாததற்கு, காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விவரிப்பதையும் ‘வெளிப்படுத்துதல்’ என்கிறோம். ‘வெளிப்படுத்தப்பட்டது, ஆனால் வெளிப்படையானதல்ல’ என்று எழுதினால் படிப்பவர் பாவம்.

கேஎஸ்ஆர், டெலிஃப்ளெக்ஸ் என்ற இரு நிறுவனங்களுக்கிடையிலான வழக்கை வைத்துப் பார்ப்போம். அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2007. பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுபட்டு, எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் வால்வு திறக்கும். எஞ்சினைக் கணினி கவனிக்கத் தொடங்கியதும், பெடல் எவ்வளவு அமுங்கியது என்று அதற்குச் சொல்ல சென்சார் தேவைப்பட்டது. ஆளின் உயரத்துக்கேற்ப முன்பின் நகர்த்தும் பெடலில், இடம் மாறாத அச்சுப் பக்கம் சென்சாரைப் பொருத்துவதுதான் வழக்கிலிருந்த காப்புரிமை. சென்சார் இல்லாத அப்படிப்பட்ட பெடல் அசானோவின் காப்புரிமையில் ஏற்கெனவே இருந்தது. ஒயர் தேயாமலிருக்க சென்சாரை நகராத பாகத்தில் வை என்று ஸ்மித்தின் காப்புரிமை சொல்லியிருந்தது. அப்படியும் மேல்முறையீட்டு நீதிமன்றம், அசானோ தீர்க்கப் பார்த்த சிக்கலே வேறு, இரண்டையும் சேர்க்க ஒருவருக்கு ஏன் தோன்ற வேண்டும் என்று கேட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டது: துறையறிந்தவர் சொன்னதை மட்டும் செய்யும் பொம்மையல்ல, சாதாரணக் கற்பனையாவது அவருக்கு இருக்கும்.

இதில் கண்ணுக்குத் தெரிவது பற்றிய பேச்சே இல்லை, புத்திக்கு எட்டுவது பற்றித்தான். அதனால் ‘கண்கூடு’, ‘தெளிவு’ இரண்டும் அடிபட்டுப் போகின்றன. செய்து காட்டிய பிறகு எல்லாமே கண்கூடுதான். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை ஆய்வாளர் விழக்கூடாத குழியே அது.

என் பரிந்துரை ‘எளிதில் எட்டுவது’, எதிர்ச்சொல் ‘எளிதில் எட்டாமை’. ‘எட்டும்’ என்றாலே ‘யாருக்கு?’ என்று கேட்கத் தோன்றும், ‘துறையறிந்தவருக்கு’ என்பது தானாக வந்து உட்காரும். நம் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவுக்கும் அந்தத் துறையறிந்தவர்தான் அளவுகோல்.

  

‘எட்டு’ என்றதும் எண் நினைவுக்கு வருமே என்று கேலி செய்வீர்கள், தெரியும். ‘எட்டாக்கனி’யை இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.