டோவர் தீர்ப்பு அமெரிக்கா முழுவதற்கும் பொருந்துமா?

கேள்வி:
பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் 2005 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. 'இன்டெலிஜென்ட் டிசைன்' (உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற கருத்து) அறிவியல் அல்ல, உயிர்களைக் கடவுள் படைத்தார் என்னும் படைப்புவாதத்தின் இன்னொரு வடிவம்தான் என்றார் நீதிபதி ஜோன்ஸ். அதோடு இந்த விவகாரம் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் இது உச்ச நீதிமன்றத்துக்கே போகவில்லையே? வகுப்பில் ஒரு சின்ன அறிக்கை வாசித்ததற்கு இவ்வளவு பெரிய வழக்கா?

பதில் 1:
நாடு முழுவதையும் கட்டுப்படுத்துவது 1987-ன் எட்வர்ட்ஸ் வழக்கு. பரிணாமம் நடத்தினால் 'படைப்பு அறிவியலும்' நடத்தவேண்டும் என்ற லூசியானா சட்டத்தை, அரசு மதத்தை ஊக்குவிக்கக்கூடாது என்ற அரசியலமைப்பு விதிப்படி, உச்ச நீதிமன்றம் 7-2 என்று ரத்து செய்தது. அதுவும் அரசுப் பள்ளிகளுக்குத்தான். தனியார் பள்ளிகளை இது கட்டுப்படுத்தாது.

டோவர் முதல்நிலை நீதிமன்றத் தீர்ப்பு. மற்ற நீதிபதிகள் மேற்கோள் காட்டலாம், பின்பற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. மேல்முறையீடு செய்ய ஆளும் இல்லை: விசாரணை முடிந்த சில நாட்களிலேயே நடந்த தேர்தலில் அந்தக் கொள்கையை ஆதரித்த பள்ளி வாரிய உறுப்பினர்கள் தோற்றுப்போனார்கள். வழக்குப் போட்ட பெற்றோர் தரப்பின் செலவாகப் பள்ளி மாவட்டம் கட்டியது சுமார் 10 லட்சம் டாலர்.

பதில் 2:
அறிக்கை சின்னதுதான். 9-ம் வகுப்பு உயிரியலில் 'டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, மாற்று விளக்கத்துக்கு இந்தப் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது' என்று வாசிக்கவேண்டும். ஆசிரியர்கள் மறுத்ததால் நிர்வாகிகளே வந்து வாசித்தார்கள்.

வழக்கில் வாரியத்தைக் கவிழ்த்தது 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற அந்தப் புத்தகம். அதன் பழைய வரைவுகளை வாதித்தரப்பு சம்மன் அனுப்பி வாங்கியது. எட்வர்ட்ஸ் தீர்ப்புக்கு முந்தைய வரைவில் 'கிரியேஷன்' (படைப்பு) என்றிருந்த இடத்திலெல்லாம் பிந்தைய வரைவில் 'இன்டெலிஜென்ட் டிசைன்'. வரையறை அப்படியே, சொல் மட்டும் மாறியிருந்தது. ஓரிடத்தில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புவாதிகள்) என்பதை முழுதாக அழிக்காமல் 'டிசைன் ப்ரோபோனன்ட்ஸ்' (டிசைன் ஆதரவாளர்கள்) என்று ஒட்டியதில் இருபுறமும் பழைய எழுத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. இதைவிட நல்ல சாட்சி எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்! போதாக்குறைக்கு, நூலகத்துக்கு வந்த அந்தப் புத்தகப் பிரதிகளுக்கான பணம் சர்ச்சில் திரட்டியது என்பதை வாரிய உறுப்பினர்கள் சத்தியப் பிரமாணத்தின்கீழ் மறைத்ததும் வெளிவந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். அப்படியானால் எட்வர்ட்ஸ் இருக்கும்வரை கவலை இல்லைதானே?

பதில் 3:
அங்கேதான் சிக்கல். எட்வர்ட்ஸ், டோவர் இரண்டுமே 1971-ன் லெமன் சோதனையை (சட்டத்தின் நோக்கம் மதச்சார்பற்றதா என்று பார்ப்பது) நம்பி நிற்பவை. 2022-ல் கென்னடி வழக்கில் (பள்ளிப் பயிற்சியாளர் மைதானத்தில் ஜெபித்தது பற்றியது) உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனையையே கைவிட்டது. எட்வர்ட்ஸ் இன்னும் ரத்தாகவில்லை, ஆனால் காலடி மண் போய்விட்டது.

இன்னொன்று, லூசியானா 2008, டென்னஸி 2012 சட்டங்கள் கடவுளையும் சொல்வதில்லை, டிசைனையும் சொல்வதில்லை. பரிணாமம், புவி வெப்பமாதல், மனித குளோனிங் பற்றி 'விமர்சன சிந்தனையை' வளர்க்க ஆசிரியருக்கு உரிமை என்கின்றன. சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்து வழக்குப் போடுவது கடினம். ஏதோ ஒரு வகுப்பில் ஆசிரியர் உண்மையிலேயே படைப்புவாதம் நடத்தவேண்டும், அதை எதிர்த்துக் கோர்ட் படியேற ஒரு பெற்றோரும் முன்வரவேண்டும்.