டிவிடி ரைட்டர் ட்ரே திறக்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை. உதவுங்கள்

அரசலாறு (சனி, காலை 9.40)

வணக்கம். வீட்டு கம்ப்யூட்டரில் டிவிடி ரைட்டர் மாட்டப்போய் இரண்டு நாளாக விழிக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் அம்மாச்சி வீட்டில் இருப்பது பழைய பெட்டி டிவி, அதோடு ஒரு டிவிடி ப்ளேயர். இரண்டிலும் பென்டிரைவ் போட இடம் கிடையாது. அந்த ப்ளேயரை அவர் தானாகவே போட்டுப் பார்த்துக்கொள்வார், புதிதாக வேறொன்றைப் பழக இந்த வயதில் விருப்பமில்லை. என் தங்கையின் காதுகுத்து வீடியோ விஎச்எஸ் கேசட்டில் இருந்தது. தாத்தா நடமாடிப் பேசுகிற ஒரே வீடியோ அதுதான். ஸ்டுடியோவில் கொடுத்து எம்பி4 கோப்பாக மாற்றி வாங்கினேன். 1 மணி 50 நிமிடம், 3.2 ஜிபி. அதை டிவிடியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிபியு 2018இல் அசெம்பிள் செய்தது. மதர்போர்டில் 4 சாட்டா போர்ட் (டிஸ்க், டிவிடி டிரைவ்களின் டேட்டா கேபிள் செருகும் இடம்). முதல் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ், போர்டிலேயே எம்.2 ஸ்லாட்டில் செருகிய சின்ன எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இருக்கிறது. நண்பரின் பழைய சிபியுவிலிருந்து கழற்றிய சாட்டா டிவிடி ரைட்டரை 2ஆம் போர்ட்டில் செருகினேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வரும் சாட்டா பவர் வயர் மேலே வரை எட்டவில்லை. அதனால் நான்கு முள் மோலெக்ஸ் என்ற பழைய பவர் முனையை சாட்டாவாக மாற்றும் கனெக்டர் ஒன்று வாங்கிப் போட்டேன்.

பட்டனை அமுக்கினால் ட்ரே திறக்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் விண்டோஸில் டிரைவ் இல்லை, விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரிலும் இல்லை. டேட்டா கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டேன். நண்பர் வீட்டில் நன்றாக ஓடிய டிரைவ் இது.

திருப்புளி (சனி, காலை 10.15)

ட்ரே திறக்கிறது என்றால் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். டேட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் ட்ரே திறக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் சாட்டா பட்டியலில் 2ஆம் போர்ட்டுக்கு நேராக என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே டிரைவின் பெயர் வந்து விண்டோஸில் மட்டும் வராவிட்டால் அதற்கு வைத்தியம் வேறு.

நிலாமுற்றம் (சனி, காலை 10.50)

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது.

திருப்புளி (சனி, காலை 11.05)

அது டிவைஸ் மேனேஜரில் பெயர் இருந்து மஞ்சள் முக்கோணம் காட்டும்போது செய்வது. இவருக்குப் பெயரே வரவில்லை. இப்போது ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம்.

அரசலாறு (சனி, மதியம் 12.30)

பயாஸில் பார்த்தேன். முதல் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் பெயர் வருகிறது. 2ஆம் போர்ட்டுக்கு நேராக 'எம்ப்டி' என்று இருக்கிறது.

வெள்ளித்தட்டு (சனி, மதியம் 1.10)

உங்கள் எம்.2 எஸ்எஸ்டி சாட்டா வகையா, என்விஎம்இ (சாட்டா தடத்தைப் பயன்படுத்தாத, வேகமான) வகையா? முள் வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. கழற்ற வேண்டியதில்லை, டிவைஸ் மேனேஜரில் வரும் மாடல் பெயரைத் தேடினாலே தெரிந்துவிடும்.

ஏன் கேட்கிறேன் என்றால், நிறைய மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றும் ஒரே தடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி உட்கார்ந்தால் அந்த போர்ட் அப்படியே செத்துவிடும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. எந்த போர்ட் என்பது போர்டுக்கு போர்டு மாறும். மேனுவலில் சாட்டா பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களிடம் 3, 4 இரண்டும் சும்மாதானே இருக்கின்றன? கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிட்டு கேபிளை 3க்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, இதை அவசியம் கேளுங்கள். அந்த மோலெக்ஸ் கனெக்டரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சாட்டா முனையில் வயர்கள் ஒரே பிளாஸ்டிக் கட்டிக்குள் வார்த்ததுபோல் புதைந்திருந்தால் அதைப் போட வேண்டாம். உள்ளே வயர்கள் நெருங்கி ஒன்றோடொன்று தொட்டு, உருகித் தீப்பிடித்த கதைகள் உண்டு. வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பின்பக்கம் அழுத்திச் செருகிய வகை பரவாயில்லை. அதைவிட நல்லது, சாட்டாவிலிருந்தே நீளும் எக்ஸ்டென்ஷன் வயர்.

திருகையும் கவனியுங்கள். டிவிடி ரைட்டருக்கு மெல்லிய மரையுள்ள எம்3 திருகு. ஹார்ட் டிஸ்கின் தடித்த மரைத் திருகை வம்படியாக முறுக்கினால் மரை போய்விடும்.

அரசலாறு (சனி, மாலை 5.20)

வந்துவிட்டது! எஸ்எஸ்டி சாட்டா வகைதான். மேனுவலில் நீங்கள் சொன்ன அதே இடத்தில், எம்.2வில் சாட்டா எஸ்எஸ்டி இருந்தால் 2ஆம் போர்ட் வேலை செய்யாது என்று அச்சடித்திருக்கிறது. 3க்கு மாற்றியதும் பயாஸில் பெயர் வந்தது. கனெக்டர் வார்த்த வகையாகவே இருந்தது, தூக்கிப் போட்டுவிட்டு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி மாட்டிவிட்டேன். ரொம்ப நன்றி.

ஆனால் அடுத்த சிக்கல். காலி டிவிடி போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி கேட்டது: பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, டிவிடி ப்ளேயருக்காகவா என்று. முதல் வழியில் எம்பி4 கோப்பை எழுதினேன். கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் ஒரு பழைய ப்ளேயர் இருக்கிறது, அதில் போட்டால் 'நோ டிஸ்க்'. இரண்டாம் வழியில் இன்னொன்று எழுதினேன். வட்டு சுற்றுகிறது, படம் வரவில்லை. இரண்டு டிவிடி வீண். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்க, விண்டோஸ் 4.37 என்று ஏன் காட்டுகிறது?

வெள்ளித்தட்டு (சனி, இரவு 8.45)

4.7 என்பது 470 கோடி பைட். விண்டோஸ் 1024ஆல் வகுத்து எண்ணுவதால் அதே அளவு 4.37 என்று தெரிகிறது. வட்டில் குறை இல்லை.

ப்ளேயர் விஷயத்துக்கு வருவோம். பென்டிரைவ் போல எழுதுகிற முறை கம்ப்யூட்டருக்கானது, பழைய ப்ளேயர்களுக்கு அது புரியாது. இரண்டாம் வழியில் ப்ளேயர் வட்டைப் படித்துவிட்டது, உள்ளே இருக்கும் எம்பி4தான் அதற்குத் தெரியவில்லை. அந்தக் காலத்து ப்ளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 என்ற பழைய முறை வீடியோவும், 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் அதற்கே உரிய கோப்புகளும். வெறுமனே காப்பி செய்தால் அது உருவாகாது. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் எம்பி4ஐப் போடுங்கள், அதுவே மாற்றிக் கொடுக்கும். நம் ஊர் பழைய டிவி முறையான 'பால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 720க்கு 576 அளவு, விநாடிக்கு 25 ஃப்ரேம். 1 மணி 50 நிமிடம் ஒரு வட்டில் அடங்க வீடியோவுக்கு விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் வைத்தால் சரியாக இருக்கும். விஎச்எஸ் படத்துக்கு அது தாராளம்.

நேராக வட்டில் எழுதாமல் முதலில் ஹார்ட் டிஸ்கில் ஃபோல்டராக உருவாக்கி, விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். படமும் சத்தமும் ஒத்துப்போனால் அப்புறம் எழுதுங்கள். எழுத இம்க்பர்ன் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

திருப்புளி (சனி, இரவு 9.10)

கூடவே: டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) வாங்குங்கள், பழைய ப்ளேயர்கள் பலவும் ப்ளஸ் ஆரைவிட (DVD+R) அதற்குத்தான் இணங்கும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வேண்டாம், அதில் ஒளி குறைவாகத் திரும்புவதால் தேய்ந்த லென்ஸ் படிக்கத் திணறும். 16எக்ஸ் வேகம் என்று போட்ட வட்டை 8எக்ஸில் எழுதுங்கள். முழு வட்டுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். அந்த நேரம் கம்ப்யூட்டரில் வேறு பெரிய வேலை வைக்காதீர்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாமல் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். ஸ்டிக்கர் சிறிது கோணினாலும் சுற்றும்போது வட்டு ஆடும்.

அரசலாறு (ஞாயிறு, இரவு 9.30)

நேற்று இரவே டிவிடிஸ்டைலரில் போட்டு, விஎல்சியில் முழுக்கப் பார்த்த பிறகுதான் எழுதினேன். முதல் வட்டு, அவசரத்தில் வேகத்தை மாற்ற மறந்து 16எக்ஸில் போய்விட்டது. பக்கத்து வீட்டு ப்ளேயரில் கடைசிப் பத்து நிமிடம் படம் நின்று நின்று ஓடியது. 8எக்ஸில் எழுதிய இரண்டாவது வட்டு அதே ப்ளேயரில் கடைசி வரை தடங்கலில்லாமல் ஓடியது. இன்று காலை ஊருக்கு எடுத்துப்போனேன்.

அம்மாச்சியே ட்ரேயைத் திறந்து வட்டை வைத்தார். தாத்தா பந்தலில் நின்று ஆட்களை வேலை ஏவும் இடம் வந்ததும் ரிமோட்டில் பின்னால் தள்ளச் சொன்னார், மூன்று முறை. மாமா வீட்டுக்கும் ஒன்று வேண்டுமாம். ஃபோல்டர் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கிறது, நாளை 8எக்ஸில் எழுதிவிடுகிறேன்.