ஒரு கிலோ தக்காளி சாஸை வைத்துக்கொண்டு முழிக்கிறேன், வழி சொல்லுங்கள்

கோவைக் கொத்தமல்லி:
வணக்கம். தள்ளுபடி போட்டிருந்தார்கள் என்று ஒரு கிலோ தக்காளி சாஸ் வாங்கிவந்து மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் பிள்ளைகள் தோசைக்கும் தொட்டார்கள், தயிர்சாதத்துக்கும் தொட்டார்கள், இப்போது பாட்டிலைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கும் அந்தத் தித்திப்பு ஒத்துவரவில்லை. கூடவே முட்டை சேர்க்காத மயோனைஸ் பாதி பாக்கெட், கடை மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி (உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு), எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் வரிசை கட்டி நிற்கின்றன. தூக்கிப்போட மனசு வரவில்லை. வீட்டில் இருக்கிற சாமானை வைத்தே இதற்கெல்லாம் ருசி ஏற்ற முடியுமா?

போன மாதம் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். பெரிய வெங்காயத்தையும் மல்லித்தழையையும் பொடியாக நறுக்கிப் பழைய சாஸ் பாட்டிலுக்குள்ளேயே போட்டுக் குலுக்கி, அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டேன். நாலாம் நாள் மூடியைத் திருகினால் சோடா பாட்டில் மாதிரி புஸ்ஸென்று சத்தம், சுவரெல்லாம் சிவப்பு. அதனால் கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.

நெல்லைச்சீமை:
அது புளித்துப்போய்க் காற்று கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. சாஸில் இருக்கிற வினிகரும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்துதான் அதைக் கெடாமல் காக்கின்றன. நீங்கள் வெங்காயத்தைப் போட்டதும் அது தண்ணீர் விட்டு அத்தனையையும் நீர்க்கவைத்துவிட்டது, அடுப்பின் சூடு வேறு. இனிமேல் பாட்டிலுக்குள் எதையும் போடாதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கிண்ணத்தில் பிழிந்து அதில் விளையாடுங்கள்.

எங்கள் வீட்டில் நடப்பது இதுதான்: சாஸுக்கும் தாளிப்பு. நாலு ஸ்பூன் சாஸுக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெய் காய்ந்ததும் அரை ஸ்பூன் சீரகம், அது சிவந்ததும் மெல்லிசாகச் சீவிய நாலு பல் பூண்டு. பூண்டின் ஓரம் பொன்னிறமாகத் திரும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், கரண்டியின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். மிளகாய்த்தூளை அணைத்த பிறகு அரை நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், முன்னால் போட்டால் கருகி வீடே இருமும் (எங்கள் வீட்டில் ஒருமுறை இருமியது, பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள்). அப்படியே சாஸ் மேல் கொட்டிக் கலக்குங்கள். அந்தத் தித்திப்பு ஓடி ஒளிந்துகொள்ளும். இன்னும் போதவில்லை என்றால் வறுத்துப் பொடித்த மிளகு ஒரு சிட்டிகை, எலுமிச்சை நாலு சொட்டு.

அரைப்படி:
ஒரு கிலோ சாஸை இத்தனை பேர் சேர்ந்து தேற்றுவதற்குப் பதில் அரைக் கிலோ தக்காளி வாங்கித் தொக்கு கிண்டினால் வேலை முடிந்தது. பூண்டு, சீரகம், நல்லெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் அதிலேயே இருக்கிறதே. சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோவைக் கொத்தமல்லி:
அரைப்படி அண்ணா, தொக்கு எனக்கும் கிண்டத் தெரியும். வாங்கித் தொலைத்த சாஸை என்ன செய்வது என்பதுதானே கேள்வி :)

ஈரத்துணி:
மயோனைஸுக்கு நான் வருகிறேன், அது என் ஏரியா. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதிலிருந்து எங்கள் வீட்டில் அதைக் கடையில் வாங்குவதே நின்றுபோனது. உங்களுடையது முட்டையில்லாதது, அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வெறும் எண்ணெயை நக்குவது மாதிரி இருக்கும், இல்லையா? அதற்குத் தயிர்தான் மருந்து. அரை லிட்டர் கெட்டித் தயிரை ஈரத்துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் கொடுத்து ராத்திரி ஃபிரிட்ஜில் விட்டுவிடுங்கள். காலையில் வெண்ணெய் மாதிரி வழவழவென்று நிற்கும். மயோனைஸ் ஒரு பங்கு, இந்தத் தயிர் ஒரு பங்கு. அப்புறம் இட்லிப் பொடி. ஆமாம், இட்லிப் பொடியேதான். நாலு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், உடனே தொட்டால் உளுந்து நறநறவென்று பல்லில் அகப்படும். எள்ளு போட்ட பொடியாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். என் பையன் இதை வெள்ளரிக்காய்க்குத் தொட்டுக்கொண்டு, வெள்ளரிக்காய் தீர்ந்ததும் விரலால் வழித்தான்.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் பார்த்துவிட்டுப் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு ஜாடியில் ஊறவைத்து வெளியில் வைக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது, பூண்டில் புளிப்பும் கிடையாது. பாட்டுலிசம் என்கிற நோயை உண்டாக்கும் கிருமிக்கு அதுதான் வசதியான இடம். கெட்டுவிட்டது என்று வாசனையிலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ஆசையாக இருந்தால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

நெல்லைச்சீமை:
இட்லிப் பொடியா! நாளைக்கே செய்கிறேன்.

உப்புக்கல்:
ஊறுகாயை யாரும் கண்டுகொள்ளவில்லையே. உப்பு கரிக்கிற மாங்காய் ஊறுகாய்க்கு வெல்லம்தான் சரி. நெல்லிக்காய் அளவு வெல்லத்தை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகு பிசுபிசுக்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு சின்னக் கிண்ணம் ஊறுகாயில் கலந்து பாருங்கள். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்தால் துண்டுக்குள்ளும் இறங்கிவிடும்.

அப்புறம் கடுகு. தாளிப்பில் வெடிக்கிற கடுகில் ஏன் காரமே இல்லை, அதே கடுகை அரைத்தால் ஏன் மூக்கில் ஏறுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கடுகு உடைந்து தண்ணீர் பட்டால்தான் அந்தக் காரம் பிறக்கும். அதைப் பிறக்கவைக்கிற நொதி சூடு பட்டால் செத்துப்போகும். அதனால் ஒரு ஸ்பூன் கடுகைப் பச்சையாகவே பொடித்துப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். வெந்நீர் வேண்டாம். காரம் ஏறிய பிறகுதான் எலுமிச்சையோ வினிகரோ விட வேண்டும், முதலிலேயே விட்டால் ஏறாது. இதில் கால் ஸ்பூன் எடுத்து உங்கள் சாஸில் கலந்தால் பஜ்ஜிக்குப் பிரமாதம். வங்காளத்தில் கடுகை அரைத்துக் காசுந்தி என்றே ஒரு சாஸ் வைத்திருக்கிறார்கள், மீன் வறுவலுக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

கோவைக் கொத்தமல்லி:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் தாளிப்பும் செய்தேன், கடுகும் செய்தேன். தாளித்ததைச் சின்னவள் தோசை முழுக்கத் தடவிச் சாப்பிட்டாள். கடுகு சாஸை வீட்டுக்காரர் தெரியாமல் ஒரு ஸ்பூன் நிறைய வாயில் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் மூக்கைப் பிடித்தபடி நின்றார், அப்புறம் "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். தயிர் துணியில் தொங்குகிறது, நாளைக்கு இட்லிப் பொடி முறை. பாட்டில் இன்னும் முக்கால் இருக்கிறது. ஊறுகாய் ஜாடியின் மேலே மிதக்கிற எண்ணெயைச் சாஸில் விட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அரைப்படி:
நான் விட்டிருக்கிறேன் (வாங்கித் தொலைத்த சாஸ் எங்கள் வீட்டிலும் உண்டு). அரை ஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள், உப்பு தூக்கிவிடும்.