குட்டி போட்ட குதிரைக்கு ஆபரேஷன்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே. தக்கலை பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு பெண் குதிரை வச்சிருக்கேன். மூணு வாரம் முன்ன தலைக்குட்டி ஈன்றது. குட்டியோட முன்னங்கால் மேல்நோக்கி மாட்டி, பிறப்புறுப்புக்கும் மலக்குடலுக்கும் நடுவில உள்ள சுவரைக் கிழிச்சிட்டு வந்துட்டு. இப்ப ரெண்டு வழியும் ஒண்ணாகி, லத்தி பிறப்புறுப்புக்குள்ளேயே விழுது. குட்டி நல்லா இருக்கு, துள்ளுது.

அன்னைக்கே தைச்சிருங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினேன். வீங்கி, அழுக்கான சதையில தையல் நிக்காது, பிரிஞ்சிரும், நாலு முதல் ஆறு வாரமாவது ஆறட்டும்னாரு. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டாச்சு. அப்ப கோபம் வந்தது. படிச்சுப் பார்த்தபிறகு அவர் சொன்னதுதான் சரின்னு புரியுது.

நிக்க வச்சே, லேசா மயக்கம் கொடுத்து, வால் பக்கம் முதுகுத்தண்டுல மரப்பு ஊசி போட்டுத் தைப்பாங்களாம். லத்தி இளக்கமா இருக்கணும், முக்கினா தையல் போச்சு.

நான் கேக்குறது இதுதான். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில குதிரைக்கு இந்த ஆபரேஷன் பண்ணினவங்க யாராவது உண்டா? இல்ல கேரளாவுல மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குப் போகணுமா? ஒரே தடவையில தைச்சாங்களா, ரெண்டு கட்டமாவா? லத்தி இளக என்ன தீனி கொடுத்தீங்க? பால்குடிக் குட்டியையும் கூடவே ஏத்த, தடுப்பு வச்ச வண்டி நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துல யார்கிட்ட கிடைக்கும்?

வித்துரு, வேற வாங்குன்னு மட்டும் யாரும் எழுதாதீங்க.